பனித்தரையில் ஒரு காவலன்

ஹாக்கி என்றதும் நம் கண்முன் வருவது புல்தரையும், வளைந்த மட்டையும், வெண்ணிறப் பந்துமே. ஆனால் குளிர்காலத்தில் ஏரிகள் கல்லாய் உறைந்துவிடும் நாடுகளில், அந்தப் பனிக்கட்டியின் மேலேயே ஹாக்கி ஆடுகிறார்கள். அதற்கு ஐஸ் ஹாக்கி என்று பெயர். அந்த ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஒருவரின் தொடக்கக் கால வாழ்வை இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் பெரியே சால்மிங்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஓர் அணியில் கோல் காப்பவரையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆடுவார்கள். காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திச் சறுக்கிச் செல்வார்கள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லை உண்டு. அதன் எடை ஏறத்தாழ 170 கிராம். ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் நடைபெறும். கோலுக்கு முன்னே இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் நிற்பார்கள். எதிரி அடிக்கும் பக் கோல் காப்பவரைச் சேருமுன் தடுப்பது அவர்கள் வேலை. மட்டையால் தடுக்க முடியாவிடில், தம் உடலையே குறுக்கே போட்டுத் தடுக்க வேண்டும். சால்மிங் அத்தகைய தடுப்பாட்டக்காரர்.

அவர் 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிறந்தார். ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், கிரூனா என்ற ஊர்ப்பக்கம் வளர்ந்தார். அங்கே டிசம்பர் மாதத்தில் சில வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. அவ்வூரார்க்குச் சோறு போடுவது இரும்புச் சுரங்கமே. அவருடைய தந்தை வழியினர், கலைமான் மேய்க்கும் சாமி என்னும் பழங்குடியினர். பெரியேவுக்கு ஐந்து வயதானபோது, தந்தை சுரங்க விபத்தில் மாண்டார். தாய்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அண்ணன் ஸ்டிக் ஹாக்கி ஆடினார். தம்பியும் அவரைப் பின்பற்றி மட்டையைக் கையில் எடுத்தார்.

கிரூனாவின் உள்ளூர் அணியில் ஆடிய அவர், 1970-இல் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே உள்ள யேவ்லே நகருக்குச் சென்று, பிரைனாஸ் என்ற கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. அக்கழகம் 1971-இலும் 1972-இலும் ஸ்வீடனின் சாம்பியன் பட்டத்தை வென்றது. விரைவிலேயே தேசிய அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. உலகப் போட்டியில் ஸ்வீடன் 1972-இல் வெண்கலமும் 1973-இல் வெள்ளியும் பெற்றபோது, அவ்வணியில் அவரும் இருந்தார்.

அவ்வமயம் கனடாவின் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக ஆட்டக்காரர்களைத் தேடி ஜெர்ரி மக்நமாரா என்பவர் ஸ்வீடன் வந்திருந்தார். அவர் பார்க்க வந்ததோ வேறொரு கோல் காப்பாளரை. ஆனால் அவர் கண்ணில் பட்டவர் சால்மிங். 1973-இல் சால்மிங்கும், இங்கே ஹாமர்ஸ்ட்ரோம் என்ற மற்றொரு ஸ்வீடன் வீரரும் டொராண்டோ சென்றார்கள்.

இது எளிய முடிவன்று. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அந்நாளில் ஆடியவர்கள் பெரும்பாலும் கனடியர்களே. 1965-இல் உல்ஃப் ஸ்டெர்னர் என்ற ஸ்வீடன் வீரர் அங்கு சென்று, நான்கே ஆட்டங்கள் ஆடித் தாயகம் திரும்பியிருந்தார். ஐரோப்பியர்கள் நன்றாகச் சறுக்குவார்கள், ஆனால் அடி தாங்கமாட்டார்கள் என்பது அங்கே பலருடைய எண்ணம். மொழியும் புதிது, ஊரும் புதிது. தோற்றுத் திரும்பினால், பின்னால் வர நினைப்பவர்களுக்கும் கதவு அடைபடும்.

1973 அக்டோபரில் பஃபலோ அணிக்கு எதிராக அவர் முதல் ஆட்டம் ஆடினார். டொராண்டோ 7-4 என வென்றது. அடுத்துக் காத்திருந்தது முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன ஃபிலடெல்ஃபியா அணி. அன்று முதல் சென்ற இடமெல்லாம் அவருக்கு இடியும் மட்டையடியும்தான். 'கோழை ஸ்வீடன்காரன்' என்ற ஏளனச் சொல்லும் காதில் விழுந்தது. அவர் ஓடிவிடவில்லை, தள்ளியவர் முன் நிமிர்ந்து நின்றார். ஆனால் அவருடைய உண்மையான பதில் ஆட்டத்திலேயே இருந்தது. பாய்ந்து வரும் பக்கின் முன்னே மண்டியிட்டு விழுந்து உடலால் தடுத்தார். தடுத்த பக்கைத் தாமே எடுத்துச் சென்று, முன்னணியில் இருந்த தோழருக்குக் கொடுத்தார். அந்த முதல் பருவத்தில் 76 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 5. பிறர் கோல் அடிக்கக் கைகொடுத்தவை 34. தடுப்பவர் தடுப்பதோடு நில்லாமல், தாக்குதலையும் தொடங்கி வைக்கலாம் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன அன்றோ?

மூன்றாண்டுகள் சென்றன. 1976 செப்டம்பரில் டொராண்டோவில் கனடாவும் ஸ்வீடனும் மோதின. சால்மிங் அன்று எதிரணியின் சட்டையில் நின்றார். அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும், அரங்கில் இருந்த கனடிய மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். அன்று ஸ்வீடன் 4-0 எனத் தோற்றது. ஆயினும் 'கோழை' என்ற சொல் அன்றோடு தோற்றுப்போயிற்று என்றே நாம் சொல்வோம்.

அவர் டொராண்டோவில் 16 பருவங்கள் ஆடினார். 1996-இல் ஹாக்கிப் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் ஸ்வீடன்காரர் ஆனார். அவர் திறந்த கதவு வழியே எத்தனையோ ஐரோப்பிய இளைஞர்கள் சென்றார்கள். 2022-இல் தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் அவரைப் பற்றியது. அவ்வாண்டு நவம்பரில், பேசவும் இயலாத நிலையில், கடைசி முறையாக டொராண்டோ அரங்குக்கு வந்தார். அவருடைய பழைய தோழர் டாரில் சிட்லர் கண்ணீரோடு அருகில் நின்று, தளர்ந்த அவர் கையைத் தாங்கி உயர்த்தினார். மறுநாள் டொராண்டோவுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய அறுவரும் ஸ்வீடன் நாட்டவரே. நவம்பர் 24-ஆம் நாள், தம் 71-ஆம் வயதில் அவர் காலமானார்.

மோயீசனின் கைகள் சோர்ந்தபோது, உடனிருந்தவர்கள் அவற்றைத் தாங்கிப் பிடித்தார்கள் என வேதாகமத்தில் வாசிக்கிறோம். தம் உடலைக் குறுக்கே போட்டுத் தோழரைக் காத்தவருக்கு, இறுதியில் தோழரின் கை துணை நின்றது. தோழியரே, நம் வகுப்பிலும் வேற்றூரிலிருந்து, வேற்று மொழியோடு வந்து, ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி இருக்கக்கூடும். அவளை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நாம் சேராதிருப்போம். அவளுக்காக எழுந்து நின்று கைதட்ட மூன்றாண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம்.