மின்சாரக் கட்டுச்சோறு

முற்காலத்தில் நெடுவழி செல்வோர் கட்டுச்சோறு இன்றிப் புறப்படார். சத்திரம் எங்கு வருமோ, சாவடி எங்கு வருமோ என்று அறியாத நிலையில், தோளில் தொங்கிய அச்சிறு மூட்டையே அவர்க்குத் துணையாக இருந்தது. இன்று வழியெங்கும் உணவு கிடைக்கின்றது. ஆயினும், பயணம் செய்வோரின் கருவிகளுக்குப் பசி வந்துவிட்டது. கைப்பேசியும் விளக்கும் மின்சாரத்தை உண்டே இயங்குகின்றன. அவ்வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது மிதிவண்டியின் கியர். காலால் மிதித்து ஓட்டும் வண்டிக்கு மின்சாரம் எதற்கு என்ற வியப்புத் தோன்றலாம். அதன் காரணம் அறியத்தக்கது.

கியர் அமைந்த மிதிவண்டியின் பின்சக்கரத்தில் சிறியனவும் பெரியனவுமாகிய பல பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பெரிய பற்சக்கரத்தின்மீது ஓடினால் மேட்டில் ஏறுவது எளிதாகும். சிறியதன்மீது ஓடினால் சமவெளியில் விரைவு கூடும். சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தள்ளும் உறுப்பே கியர் மாற்றி. இஃது இல்லையேல் மலைப்பாதையில் மிதிவண்டி பெரும் சுமையாகிவிடும். ஆயினும், 1903ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தூர் த பிரான்சு’ என்னும் புகழ்பெற்ற பந்தயத்தில், 1937ஆம் ஆண்டில்தான் இக்கருவிக்கு அனுமதி கிடைத்தது. வீரன் தன் உடல் வலிமையாலேயே வெல்லவேண்டும் என்று அதனைத் தோற்றுவித்த ஆன்ரி தெக்ராஞ்சு கருதியதே அதுவரை இருந்த தடைக்குக் காரணம்.

நெடுங்காலம் கியர் மாற்றியை மெல்லிய எஃகுக் கம்பியே இழுத்து இயக்கி வந்தது. கைப்பிடியருகிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் கம்பி இழுபடும். சங்கிலி இடம் மாறும். இம்முறை எளியது, ஆனால் குறையற்றதன்று. நாளடைவில் கம்பி தளர்கின்றது; மழையிலும் சேற்றிலும் உறைக்குள் துருப்பிடித்து இறுகுகின்றது. குளிரில் விறைத்த விரல்களுக்கு நெம்புகோலை அழுத்துவதும் அரிதாகின்றது. ஆகவே கம்பியின் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைக்க முயன்றனர். பிரான்சு நாட்டு மாவிக் நிறுவனம் 1990களில் இம்முயற்சியில் ஈடுபட்டது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பு பந்தய வீரரிடையே நிலைபெற்றது. அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் கம்பியில்லாமலே வானொலி அலையால் ஆணை அனுப்பும் அமைப்பை அறிமுகப்படுத்தியது.

இவ்வகை வண்டிகளில் ஓட்டுபவர் ஒரு பொத்தானை மெல்ல அழுத்தினாற் போதும். கியர் மாற்றியினுள் இருக்கும் சிறு மோட்டார் சங்கிலியைக் குறித்த இடத்திற்குத் தள்ளிவிடும். வண்டியை ஓட்டுவது கால்களே. மின்சாரம் சங்கிலியின் இடத்தை மட்டுமே மாற்றுகின்றது. அதற்கு வேண்டிய ஆற்றலோ மிகச் சிறிது. இத்தகைய மின்கலம் ஒன்றின் அழுத்தம் 7.4 வோல்ட், கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர்-மணி. இவ்விரண்டையும் பெருக்கினால் 3.7 வாட்-மணி ஆற்றல் கிடைக்கும். நூறு வாட் திறனுடன் மிதமாக மிதிக்கும் ஒருவர் ஏறக்குறைய இரண்டேகால் நிமிடத்தில் செலவிடும் ஆற்றல் இவ்வளவே! இதனைக்கொண்டு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் செல்லலாம் என்பது கணக்கு. மேடுபள்ளம் மிகுந்த வழியில் கியரை அடிக்கடி மாற்ற நேர்வதால் இத்தொலைவு குறையும்.

இக்கணக்கின் முக்கியத்துவத்தைப் பாரிசு–பிரெஸ்ட்–பாரிசு என்னும் நெடும்பயணம் நன்கு உணர்த்தும். 1891ஆம் ஆண்டில் பந்தயமாகத் தொடங்கிய இஃது இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறுகின்றது. பாரிசுக்கு அருகிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் நகர்வரை சென்று திரும்பவேண்டும். தொலைவு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். காலவரம்பு 90 மணி. பகலும் இரவும் ஓட்டவேண்டும். வழியில் குறித்த நிலையங்களில் அன்றிப் பிற இடங்களில் உடன்வரும் வண்டியின் உதவியைப் பெறுதல் கூடாது. ஒரு மின்னேற்றம் ஆயிரம் கிலோமீட்டருக்கு. வழியோ ஆயிரத்து இருநூறு. எஞ்சிய இருநூறு கிலோமீட்டர், உடல் களைத்து, கண் அயர்ந்து வரும் இறுதிப் பகுதியன்றோ?

மின்கலம் ஓய்ந்தால் நேர்வது யாது? வண்டி நின்றுவிடாது, ஆனால் கியர் மாறாது. ஷிமானோ அமைப்பில் மின்சாரம் குறையும்போது முதலில் முன்புற மாற்றி செயலற்றுப்போகும். பிறகு பின்புற மாற்றியும் ஓயும். இறுதியாகச் சங்கிலி எப்பற்சக்கரத்தில் இருந்ததோ அதிலேயே நிலைத்துவிடும். அது சிறியதாயின், எதிர்ப்படும் ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுபவர் படாதபாடு பட நேரும். அல்லது இறங்கித் தள்ளிச் செல்ல நேரும்.

இவ்விடரைப் போக்க வல்லது ‘பவர் பேங்க்’ என வழங்கும் கையடக்க மின்சேமிப்புக் கலம். வீட்டில் மின்சாரத்தை நிரப்பிக்கொண்டு, வேண்டிய இடத்தில் பிற கருவிகளுக்கு வழங்குவது இதன் தொழில். இதனுள் இருக்கும் லித்தியம் மின்கலங்களின் அழுத்தம் ஏறக்குறைய 3.7 வோல்ட். உள்ளமைந்த மின்சுற்று அதனை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே அனுப்புகின்றது. மிதிவண்டிக்குரிய மின்னேற்றி, மின்கலத்திற்கு ஏற்ப அதனை மேலும் உயர்த்தித் தருகின்றது.

10,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுடைய பவர் பேங்கில் 37 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கும். கியர் மின்கலத்தின் கொள்ளளவைப்போல இது பத்து மடங்கு. அழுத்தத்தை மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். அவ்வாறாயினும் ஐந்து முறையாவது கியருக்கு மின்னேற்றம் செய்யலாம். வழிநிலையத்தில் பயணி உணவருந்தி ஒன்றிரண்டு மணி நேரம் உறங்குகையில், கியரும் தன் உணவை உண்டு முடிக்கும்.

இதனைப் பயன்படுத்துவோர் சிலவற்றை நினைவிற்கொள்ளவேண்டும். முதலாவது, மின்கலம் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதாகும். சில வண்டிகளில் அது சட்டத்தினுள் மறைந்திருக்கும். அவற்றில் வண்டியிலுள்ள துளையில் உரிய இணைப்புக் கம்பியைச் செருகவேண்டும். வேறு சிலவற்றில் மின்கலத்தைக் கழற்றித் தனி மின்னேற்றியில் வைக்கவேண்டும். இணைப்புக் கம்பியையோ மின்னேற்றியையோ வீட்டில் மறந்துவிட்டால், நிறைந்த பவர் பேங்கும் பயன்படாது. இரண்டாவது, பவர் பேங்குகளுள் பல, மிகச் சிறிய மின்னோட்டம் செல்லும்போது, எக்கருவியும் இணைக்கப்படவில்லை எனக் கொண்டு தாமே நின்றுவிடும். கியர் மின்கலம் பெறும் மின்னோட்டம் சிறிது. நிறையுந்தறுவாயில் அஃது இன்னும் குறையும். ஆகவே புறப்படுமுன் ஒரு முறை வீட்டிலேயே சோதித்தல் நலம். மூன்றாவது, ஈரமான துளையில் கம்பியைச் செருகுதல் கூடாது; துடைத்து உலர்த்திய பின்னரே இணைத்தல் வேண்டும். வானூர்தியில் செல்வோர் பவர் பேங்கைப் பெட்டிகளுடன் சரக்கறைக்கு அனுப்புதல் கூடாது. கைப்பையில் தம்முடனேயே வைத்திருத்தல் வேண்டும் என்பது விதி.

இடர் வந்துற்றபோது கைகொடுப்பது அறிவு. ஸ்ராம் அமைப்பில் முன்புற மாற்றிக்கும் பின்புற மாற்றிக்கும் ஒரேவகையான தனித்தனி மின்கலங்கள் உண்டு. பின்புறத்தது ஓய்ந்தால், முன்புறத்ததைக் கழற்றி அங்கே பொருத்திப் பயணத்தைத் தொடரலாம். முன்புற மாற்றி அதுவரை இயங்காது. எனினும் பின்புறப் பற்சக்கரங்கள் அனைத்தும் பயன்படும். தன் கருவியின் அமைப்பை அறிந்தவனுக்கே இவ்வழி தோன்றும்.

இரண்டேகால் நிமிட உழைப்பிற்கு ஈடான மின்சாரம் ஆயிரம் கிலோமீட்டர்ப் பயணத்தை எளிதாக்குகின்றது. அச்சிறு அளவு குறைந்தாலோ, ஆயிரக்கணக்கான வாட்-மணி ஆற்றலைச் செலவிட்டு வந்த கால்கள் கடைசி மேட்டில் தவிக்க நேர்கின்றது. பெரிய முயற்சிகள் பல, வலிமைக் குறைவால் அன்றி, சிறிய ஒன்றை மறந்தமையால் தடைபடுகின்றன. புறப்படுமுன் கட்டுச்சோற்று மூட்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்ட முன்னோரின் வழக்கம், கருவிகள் பெருகிய இக்காலத்திற்கும் பொருந்துவதேயாகும்.