சிறு பிள்ளைகளின் கையெழுத்து: பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்



செஞ்சிக் கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய ஆயா மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்கள். பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் மட்டும் அவனுக்கு வயிற்று வலி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வலி இராது. மருத்துவர் பரிசோதித்துப் பார்த்தார்; வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. அவர்கள் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது நான் அவனோடு பேச்சுக் கொடுத்தேன். பையிலிருந்த நோட்டைக் காட்டச் சொன்னதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கித் திறந்தான். பக்கமெல்லாம் சிவப்பு மை. ஒரே வரியை 20 முறை எழுதியிருந்தான். முதல் வரியைவிட இருபதாவது வரி மோசமாயிருந்தது.

"ஐயா, எனக்குக் கை வராது" என்றான்.

அந்தப் பிள்ளை சொன்னது சரிதானா? நம் வீட்டுப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மனதில் வைத்து, இதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்ப்போம்.

எழுதுவது எளிதான வேலையல்ல

நமக்கு எழுத்து பழகிவிட்டது. ஆகையால் அதன் பாரம் தெரிவதில்லை. ஒரு பிள்ளை "அம்மா" என்று எழுதுவதற்கு உடம்பு அசையாமல் உட்கார வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்க வேண்டும். கண் கோட்டைப் பார்க்க வேண்டும். எழுத்தின் வடிவத்தை நினைவிலிருந்து எடுத்து, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைப்பது என்று முடிவு செய்யவும் வேண்டும். இவற்றில் ஒன்று பின்தங்கினாலும் எழுத்து கோணலாகும்.

தமிழில் 247 எழுத்துகள். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, இது 'ர'வா துணைக்காலா, புள்ளி வைக்கவேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு சொல்லிலும் பிள்ளை கவனித்தாக வேண்டும். இத்தனை வேலைகளைச் செய்கிற ஒரு சிறு கையைப் பார்த்து "சோம்பேறி" என்று சொல்லிவிடுவது நியாயமா?

கொள்ளைநோய்க் காலத்தில் இந்தச் சிரமம் பெருகியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திரும்பத் திறந்தன. எழுதிப் பழகவேண்டிய வயதில் அநேகம் பிள்ளைகள் ஒன்றரை வருஷத்துக்கும் மேலாகப் பென்சிலைத் தொடவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று நம்முடைய விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அது நல்ல முயற்சி. ஆகிலும் அதில் ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள் இருந்தார்கள். கையெழுத்துக்கோ, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்க்கிற ஒருவர் தேவை.

மணலில் கற்ற மூன்று பேர்

இது இன்று வந்த யோசனையல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை வரைவிப்பார். பிறகு பிள்ளை அதன்மேல் தானே விரலை ஓட்டும். மேல்வகுப்புச் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். பனையோலையும் எழுத்தாணியும் அதற்குப் பின்புதான்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் இந்த மணலில்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். ஒரு தமிழ் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, 24 வயதான அவரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விரலால் எழுதிப் பழகினார். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்ட கைக்கு முதல் பாடம் மணலில் கிடைத்தது.

அடுத்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக் குருவானவர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் விடுதிக்குப் பொறுப்பேற்றார். வழியில் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் இது முடியாது என்றார். அப்போது பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் பெயர் ஜான் ஃபிரிஸ்கன். அவன் செய்து காட்டினான்! கற்ற பிள்ளையையும் கற்கவேண்டிய பிள்ளையையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து உட்காரவைக்கும் அந்த முறையை, பெல் 1797இல் லண்டனில் நூலாக எழுதி வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

ஒருவர், வயது வந்த அந்நியர். ஒருவர், கற்பிக்க வந்து கற்றுக்கொண்டவர். ஒருவன், சிறுபிள்ளை. மூவரின் அனுபவமும் ஒன்றைத்தான் காட்டுகிறது. மணலில் எழுதுகிறவனுக்குப் பயமில்லை. தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், சிவப்பு மை கிடையாது. கூடவே ஒருவர் அருகில் இருக்கிறார்.

நாம் என்ன செய்யலாம்?

தினமும் 10 அல்லது 15 நிமிஷம் போதும். ஒரு பிள்ளைக்கு ஒருவர். தாயாரோ, தாத்தாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ இருக்கலாம்.

முதலில் உட்காரும் விதம். பாதங்கள் தரையில் படியவேண்டும். தொங்கினால் ஒரு பலகையை வைத்துக்கொடுங்கள். வெளிச்சம் எழுதும் கையின் எதிர்ப்பக்கமிருந்து வரட்டும். இடக்கையால் எழுதும் பிள்ளையைக் கையை மாற்றச் சொல்லாதிருங்கள். நோட்டின் மேல்பக்கம் சற்று வலப்புறம் சாய்ந்திருந்தால் அதற்கு வசதி.

அடுத்து விரல்களுக்குப் பலம். நம் பக்கத்தில் மல்லாட்டைக்குக் குறைவில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து மல்லாட்டை உரியுங்கள். பூத் தொடுப்பதும், மாவு பிசைவதும், கோலப்புள்ளி வைப்பதும் விரலுக்கு நல்ல பயிற்சி. பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிற பிள்ளைக்கு விரல் நீளமுள்ள துண்டுப் பென்சிலைக் கொடுங்கள். மூன்று விரலால் பிடிப்பதைத் தவிர வேறு வழி இராது.

பிறகு எழுத்து. தட்டில் மணலோ அரிசிமாவோ பரப்பி, நேர்கோடுள்ள ட, ப, ம ஆகியவற்றில் தொடங்குங்கள். வளைவும் சுழியுமுள்ள அ, இ, ஞ போன்றவை பின்னால் வரட்டும். எங்கே தொடங்குவது என்று வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதிக் காட்டுங்கள். ஆனால் தடத்தின்மேல் ஓட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. 2012இல் அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் காரின் ஜேம்ஸ் என்பவரும் அவருடைய துணையாளரும் இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். தாங்களே பார்த்து எழுதிப் பழகிய எழுத்துகளைக் கண்டபோதுதான், படிப்பதற்கு உதவும் மூளைப்பகுதிகள் விழித்தன. தடத்தில் ஓட்டிய எழுத்துக்கும், விசையை அழுத்திய எழுத்துக்கும் அப்படி நடக்கவில்லை. ஆகவே தடத்தை அழித்துவிட்டுத் தானாக எழுதச் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. தும்பிக்கை போட்ட பழைய 'னை', 'லை' 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு போய்விட்டது. நம் பழக்கத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பள்ளியில் குழம்பும்.

கடைசியாக, 20 முறை எழுதச் சொல்லாதிருங்கள். மூன்று முறை எழுதட்டும். அவற்றில் எது நன்றாயிருக்கிறது என்று பிள்ளையே வட்டமிடட்டும். தன் எழுத்தில் நல்லதைக் காணப் பழகிய பிள்ளை, நல்லதைத் திரும்ப எழுதவும் பழகும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

சில மாதங்கள் பொறுமையோடே பழக்கியும் முன்னேற்றம் இல்லையா? சட்டைப் பொத்தான் போடவும் சிரமமா? கை வலிக்கிறது என்கிறானா, நோட்டைக் கண்ணுக்கு மிக அருகில் வைக்கிறானா? முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பிறகு குழந்தை மருத்துவரிடமும், கைப்பயிற்சி அளிக்கும் செயல்முறைச் சிகிச்சையாளரிடமும் காட்டுங்கள். எழுதுவதில் உள்ள குறைபாட்டை, கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவி கேட்பது வெட்கமல்ல, அதன் உரிமை.

அந்தப் பையனுக்கு இப்படிப்பட்ட குறைபாடு ஏதும் இருக்கவில்லை. மருத்துவமனை வேப்பமரத்தடி மண்ணில் அன்று அவனும் நானும் 'ம' எழுதினோம். ஆறாவது முறை எழுதியதைப் பார்த்து, "இது நல்லாருக்கு இல்ல ஐயா?" என்று அவனே கேட்டான். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு மல்லாட்டை உரித்து, அவன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வாக்குக் கொடுத்தார்கள்.

சில வாரங்கள் கழித்து ஆயா தம் முழங்கால் வலிக்காக வந்தபோது அவனும் கூட வந்தான். நோட்டை நான் கேட்கவில்லை; அவனே எடுத்து நீட்டினான். எழுத்து இன்னும் அழகாகிவிடவில்லை. ஆனால் கோட்டின்மேல் நின்றது. வயிற்று வலியைப் பற்றி ஆயாவிடம் விசாரித்தேன். "அது எங்கே போச்சுன்னே தெரியல ஐயா" என்றார்கள்.

உங்கள் தெருவிலும் நோட்டை மார்போடு அணைத்து மறைக்கிற ஒரு பிள்ளை இருக்கலாம். இன்று சாயங்காலம் ஒரு 15 நிமிஷம் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.