மண்டகப்பட்டும் மாருத விமானமும்

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்குமின்றி இதனைச் செய்வித்ததாகக் கல்வெட்டிலே பெருமிதத்துடன் பொறித்தும் வைத்தான். ஆலயம் சிறியதே. எனினும், பிற்காலத்து மாமல்லபுரத்தின் பெருமைக்கு இத்தகைய முதல் முயற்சிகளே வித்தாயின.

ஆகாய விமானத்தைப் பற்றி எழுதப் புகுந்த நாம் கற்கோயிலைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு.

முதல் உலக யுத்தத்தில் தோல்வியுற்ற ஜெர்மனி ராணுவ விமானப் படை வைத்துக்கொள்ளலாகாதென 1919-ஆம் வருஷத்து வெர்சேல்ஸ் உடன்படிக்கை விதித்தது. சட்டம் படையைத் தடுத்ததேயன்றி வித்தையைத் தடுக்கவில்லை. பயிற்சி விமானம், பிரயாணி விமானம் என்ற பெயர்களில் ஜெர்மானிய நிபுணர்கள் தங்கள் கைத்திறனை வளர்த்து வந்தனர். 1931-இல் பிரெமன் நகரத்து போக்கே-வுல்ப் கம்பெனியில் சேர்ந்த குர்ட் டாங்க் அவர்களுள் ஒருவர். 1935-இல் ஹிட்லர் உடன்படிக்கையைப் பகிரங்கமாக மீறினார். அதன் பின்னர் டாங்க் வரைந்த போக்கே-வுல்ப் 190 என்னும் சண்டை விமானத்தின் முதல் மாதிரி, 1939 ஜூன் 1-ஆந் தேதி வானேறியது.

அம்மாதிரியில் குறை இருந்தது. எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறியது. அதனை ஓட்டிய ஹான்ஸ் சாண்டர் தம் ஆசனத்தில் வெப்பம் தாளாமல் தவித்தார். டாங்க் சோர்ந்தாரில்லை. பி.எம்.டபிள்யூ கம்பெனியின் வேறொரு எஞ்சினைப் பொருத்தி, விமானியின் ஆசனத்தையும் பின்னே தள்ளி அமைத்தார். அவ்விமானம் நாஜிகளின் கொடுங்கோன்மைக்கே துணை நின்றது என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், ஒரு எஞ்சின் பழுதானால் மற்றொன்று சொந்த நாட்டிலேயே கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

யுத்தத்திற்குப் பின் அர்ஜெண்டைனாவில் பணியாற்றிய டாங்க், 1956-இல் இந்தியாவிற்கு வந்தார். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் பொறியாளர்களுடன் சேர்ந்து மாருத் என்னும் ஜெட் விமானத்தை உருவாக்கினார். முதலில் முழு அளவில் மரத்தாலேயே எஞ்சினற்ற மாதிரி ஒன்று செய்து 1959-இல் பறக்கவிட்டுச் சோதித்தனர். 1961 ஜூன் 17-ஆந் தேதி சுரஞ்சன் தாஸ் மாருத்தின் முதல் மாதிரியை ஓட்டினார். அத்தீரர் 1970-இல் மாருத் சோதனையிலேயே உயிர் நீத்தார்.

ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் வேண்டுமென்பது விமானப் படையின் கோரிக்கை. அதற்கென எண்ணியிருந்த பிரிட்டிஷ் எஞ்சினை முடித்துத் தருவதற்கான பணத்தைக் கொடுக்க நம் சர்க்கார் இசையவில்லை, அவ்வேலை நின்றது. வலிமை குன்றிய ஆர்பியஸ் எஞ்சின்கள் இரண்டைப் பூட்டியே மாருத் பறந்தது. 1967-இல் எகிப்து தேசத்து எஞ்சினையும் பூட்டிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 1971-ஆம் வருஷத்து யுத்தத்தில் மாருத் நன்றாகவே போரிட்டது. வானச் சமரில் எதிரி விமானத்திற்கு ஒன்றுகூடப் பலியாகவில்லை. எனினும், 147 விமானங்களோடு உற்பத்தி முடிந்தது. 1990-இல் அது ஓய்வு பெற்றது.

இக்குறைக்குப் பொறுப்பாளி யார்? டாங்க் அல்லர், நம் தொழிலாளருமல்லர். உடலை நாம் செய்து, இதயத்தை அயலாரிடம் யாசித்ததே குற்றம். பாடம் கற்றோமா? 2001 ஜனவரி 4-ஆந் தேதி முதன்முதல் பறந்த தேஜஸ் விமானமும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறந்தது. அதற்கென்று 1989-இல் அனுமதிக்கப்பட்ட நம் காவேரி எஞ்சின் போதிய வலிமை பெறாமல் 2008-இல் அவ்விமானத்தினின்றும் பிரிக்கப்பட்டது.

எஞ்சின் வித்தை ஒரு பட்ஜெட்டில் முளைத்து மறு பட்ஜெட்டில் காய்க்கும் பயிரன்று. குறைகள் தோன்றும், திருத்த வேண்டும், பல்லாண்டு பொருள் செலவிட வேண்டும். பறக்கும் விமானத்தைக் கண்டு கைதட்டும் நம் பிரதிநிதிகளிடம், எஞ்சின் சோதனைச் சாலைக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்று கேட்பது தேச பக்தர்களின் கடமை. மகேந்திரவர்மன் தன் மண்ணின் பாறையையும் தன் சிற்பிகளின் உளியையும் நம்பினான். அந்த நம்பிக்கையே நமக்கு வேண்டுவது.