தூக்கத்தில் நாடி குறைந்தால்...

எங்கள் ஊர் உவரியில் எட்டு மணிக்கே ஊரடங்கிவிடும். விடியுமுன் கடலுக்குப் போக வேண்டுமே! ஒரு நாள் ராத்திரி, அசந்து தூங்கிய என் வீட்டுக்காரரின் நாடியை விளையாட்டாகப் பிடித்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 52தான்! 72 இருக்க வேண்டும் என்றல்லவா பள்ளிக்கூடத்தில் படித்தோம்? பதறிப்போய் மாமியை எழுப்பினேன்.

"ஏ புள்ள, மாடா உழைச்சிட்டு வந்து தூங்குதான். அவன எழுப்பிராத!" என்றார்கள் மாமி.

எனக்கு மனசு கேட்கவில்லை. இவரையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"விழித்திருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். தூங்கும்போது 'வேகஸ்' என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடும். உழைக்கிற உடம்புக்கு ஆழ்ந்த தூக்கத்தில் 50க்குக் கீழேகூட இறங்கும். பயமில்லை. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வரும். அப்போது மூடிய இமைக்குள்ளே கண் உருளும், நாடியும் ஏறி இறங்கும். 1953-ல் அமெரிக்காவில் அசரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற இருவர் இந்தத் தூக்கத்தைப் பற்றி எழுதினார்கள்" என்றவர், "குறட்டை உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு டாக்டர். நடுவிலே சத்தமே நின்றுபோகும். அப்புறம் திணறிக்கொண்டு மூச்சு விடுவார்."

டாக்டரம்மாவின் சிரிப்பு மறைந்தது. "இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்! தொண்டையில் வழி அடைத்து மூச்சு நிற்கிறது. பிராணவாயு குறைகிறது. அப்போது நாடி மந்தமாகி, மூச்சு வந்ததும் படபடவென்று ஓடும். ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் கெடும். பகலிலும் தூக்கம் தள்ளும்."

வள்ளத்தில் எஞ்சினைப் பிடித்தபடியே இரண்டு முறை கண்ணயர்ந்ததை அப்போதுதான் வாய்திறந்து சொன்னார் இவர். எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

ஓர் இரவு தூங்கவைத்துப் பரிசோதித்தார்கள். சந்தேகம் உறுதியானது. எடையைக் குறைக்க வேண்டும், குடியைத் தொடக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்றார்கள். இப்போது ராத்திரியில் காற்றைச் செலுத்தும் முகமூடி போட்டுக்கொள்கிறார். பகல் தூக்கம் போயே போச்சு!

சகோதரிகளே, தூக்கத்தில் நாடி குறைந்தால் மட்டும் கலங்காதீர்கள். அதோடு மயக்கம், தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் தாமதிக்காதீர்கள். குறட்டை நடுவே மூச்சு நின்றால், "அசந்து தூங்குகிறார்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தூங்குகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் நாம்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.