ஊருக்குப் பணம் அனுப்பும் ஆண்

ஆணின் வாழ்வுக்கு எது பொருள் தருகிறது என்னும் வினா, மேலை நாடுகளில் சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டு, குடும்பத்தின் வருமானப் பொறுப்பைப் பெண்களும் ஏற்றுக்கொண்ட பிறகு எழுந்த ஒன்றாகப் பேசப்படுகிறது. சிங்கப்பூர்த் தமிழரிடையே அந்த வினாவுக்கு வயது கூடுதல். இங்கு வந்திறங்கிய தமிழ் ஆணின் வாழ்வுக்கான பொருள் தொடக்கத்திலிருந்தே அவன் நின்ற மண்ணில் இல்லாமல், கடலுக்கு அப்பால், அவனுடைய பணத்தை எதிர்பார்த்திருந்த வீட்டில் இருந்தது.

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், நகராட்சியில் சாலையும் சாக்கடையும் பார்த்தவர்களும், 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திக்கொண்டே தங்கியும் வந்த நீண்ட கடைவீடுகளில், கணக்கெழுதியவர்களும் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களே. இவ்வேற்பாட்டில் மகன், கணவன், தந்தை ஆகிய மூன்று உறவுகளும் ஒரே செயலுக்குள், காலம் தவறாமல் பணம் அனுப்புவதற்குள், சுருங்கின. அனுப்புகிறவரை அவன் நல்ல ஆண். அதற்குமேல் அவனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க அருகில் யாரும் இல்லை என்பதும் உண்மை.

இந்த வெறுமையை முதலில் பொதுப் பிரச்சினையாகக் கண்டவர்களுள் கோ. சாரங்கபாணி முக்கியமானவர். 1932இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் அவர் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழும் சாதி ஒழிப்பையும் மதுவிலக்கையும் கல்வியையும் வலியுறுத்தியபோது, உழைத்துக் களைத்த ஆண்களுக்குச் சம்பள நாளுக்கு அப்பாலும் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லின. 1950களில் தமிழர்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற வேண்டும் என்று அவர் மேற்கொண்ட இயக்கத்தை அரசியல் முன்யோசனை என்று பாராட்டுவது வழக்கம். ஆனால் ஊருக்கு அனுப்புகிறவனாக மட்டும் இருந்த ஆணை இந்த ஊருக்குப் பொறுப்பேற்கிறவனாக மாற்ற முயன்றதே அதன் ஆழமான பயன் எனலாம்.

அந்த முயற்சி எவ்வளவு தேவையானது என்பதை 1968 காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971 இறுதிக்குள் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, செம்பவாங் தளத்தையும் அதைச் சுற்றிய குடியிருப்புகளையும் நம்பியிருந்த தமிழர், மலையாளிக் குடும்பங்களின் உலகம் ஆட்டங்கண்டது. தளத்தின் ஒரு பகுதி செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறிச் சிலருக்கு வேலையைத் தொடர்ந்து தந்தது. குடியுரிமை இல்லாத முதிய தொழிலாளர்களில் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினர். 1957இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்த இந்தியர்கள் 1980இல் 6.4 விழுக்காடாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பல பத்தாண்டுகள் தொலைவிலிருந்து தாங்கிய குடும்பத்துக்குள் நேரில் நுழையும்போது, பணம் நின்றுபோன ஆணுக்கு அங்கே என்ன இடம் என்பதை எந்தப் பணிக்கொடைக் கணக்கும் கருதவில்லை.

தங்கிவிட்ட குடும்பங்களின் கதை வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த அவர்களின் பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றனர். இன்று சிங்கப்பூரில் வேலைக்குச் செல்லும் வயதுப் பெண்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தொழிலாளர் அணியில் உள்ளனர். ஆயினும் அரசும் சட்டமும் ஆணைச் சம்பாதிப்பவனாகவே நெடுங்காலம் கண்டன. அரசாங்க ஆண் ஊழியரின் குடும்பத்துக்குக் கிடைத்த மருத்துவச் சலுகை, ஆணே குடும்பத் தலைவன் என்னும் கருத்தின்மேல், பெண் ஊழியரின் குடும்பத்துக்கு 2005 வரை மறுக்கப்பட்டது. 1961இல் இயற்றப்பட்ட மாதர் சாசனம், அதாவது முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தையும் மணவிலக்கையும் நெறிப்படுத்தும் சட்டம், மனைவியிடம் கணவன் பராமரிப்புத் தொகை கோர 2016இல்தான் வழிசெய்தது. அதுவும் நோயாலோ உடற்குறையாலோ உழைக்க இயலாது போன கணவனுக்கு மட்டும். உடல் நலமாக இருக்கும் ஆண் பிறரைத் தாங்கலாம், பிறரால் தாங்கப்படுவதாயின் அவன் முதலில் முடங்கியிருக்க வேண்டும் என்பதே அத்திருத்தம் தன்னையறியாமல் தந்த விளக்கம். 1967இல் வந்த தேசிய சேவை பதினெட்டு வயது இளைஞனுக்குச் சீருடையையும் தோழர்களையும் கடமையையும் தருவது மெய்தான். அந்த ஈராண்டு முடிந்தபின், மனைவியும் தன்னளவு சம்பாதிக்கும் வீட்டில் அவன் யார் என்பதை அது கற்பிப்பதில்லை. 2013இல் ஒரு வாரமாகத் தொடங்கிய, அரசு ஊதியம் வழங்கும் தந்தையர் விடுப்பு இதற்குத் தயக்கமான ஒரு மறுமொழி. தகுதியுள்ள தந்தையரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே அதைப் பயன்படுத்திவருவதிலிருந்து, சட்டத்தைவிட மேலதிகாரியின் முகக்குறிப்புக்கு ஆண்கள் அஞ்சுவதாக ஊகிக்கலாம்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே, 1931இன் ஆண் மறைந்துவிடவில்லை. ஞாயிறுதோறும் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் பணம் அனுப்பும் கடைகளின் முன் அவனைக் காணலாம். தமிழ்நாட்டுப் பயிற்சி மையங்களில் ‘ஸ்கில் அடித்து’, அதாவது சிங்கப்பூர்க் கட்டுமானத் துறை ஏற்கும் திறன் தேர்வில் தேறி, முகவருக்குக் கட்ட வாங்கிய கடனோடு வந்துசேரும் தொழிலாளியின் ‘பர்மிட்’, அதாவது வேலை அனுமதி, குடும்பத்தை அழைத்துவர இடந்தருவதில்லை. சிங்கப்பூர்க் குடிமகளை மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் தேவை. தமிழ் அக இலக்கணம் இத்தகைய நிலையைப் பொருள்வயிற் பிரிவு என்று வகுத்தது. கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டு, பிற பிரிவுகளுக்கு ஓராண்டு என்று தொல்காப்பியம் எல்லையும் கட்டியது. அந்தத் தலைவனுக்குத் திரும்பும் பருவம் ஒன்று உண்டு. பர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டே போகிறவனுக்கு முதலில் கடன், பிறகு தங்கையின் திருமணம், பிறகு மாடிவீடு என்று பருவம் தள்ளிக்கொண்டே போகிறது.

வேலையிடத்தில் அடிபட்டவனிடம்தான் இந்த வாழ்முறையின் அடித்தளம் வெளிப்படுகிறது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் நிரந்தர உடற்குறைக்கான தொகை, மாதச் சராசரி வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணாலும், மருத்துவர் மதிப்பிடும் இயலாமை விழுக்காட்டாலும் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. நியாயமான கணக்குதான், ஆனால் கோரிக்கை முடியும்வரை பர்மிட் நீக்கப்பட்ட தொழிலாளி சிறப்பு அனுமதி அட்டையில், அதாவது தங்கலாம், பொதுவாக வேலை செய்யலாகாது என்னும் நிலையில், மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. இவர்களைக் கருதி, டிடபிள்யூசி2 என்னும் தொண்டு அமைப்பு 2008 முதல் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில் லிட்டில் இந்தியா உணவகங்கள் வழியாக இலவச உணவு வழங்கிவருகிறது. பசி அங்கே தீர்கிறது. எனினும் அனுப்புவதற்கு ஒன்றுமில்லாத நிலையில் வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்கக் கூசும் ஆணை ஒரு கோழை என்று கருதுவது தவறு. பேசுவதற்கான உரிமையையே பணம் அனுப்புவதன்மூலம் பெற்றுவந்தவன் அவன்.

2025ஆம் ஆண்டு இரண்டு விதிகள் மூன்று மாத இடைவெளியில் நடப்புக்கு வந்தன. ஏப்ரல் 1 முதல், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற குழந்தையின் தகுதியுள்ள தந்தைக்கு நான்கு வார விடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மேலாகப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் ஆறு வாரமும் சேர்ந்தது. ஜூலை 1 முதல், பர்மிட் தொழிலாளர் வேலை செய்யக்கூடிய மொத்த ஆண்டுகளுக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்டு, வயது வரம்பு 63ஆக உயர்த்தப்பட்டது. அனுபவம் மிக்க கைகளை நாடு இழக்கக்கூடாது என்பது இதற்குப் பொருளியல் நியாயம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் குறைவதால் தொழிலாளரும் இதை வரவேற்கக் காரணம் உண்டு. தொட்டிலருகே இருக்க ஒரு தந்தைக்கு வாரங்களை எண்ணிக் கொடுக்கத் தொடங்கிய அதே ஆண்டில், அந்தத் தொட்டில் இருக்கும் கட்டடத்தைக் கட்டிய இன்னொரு தந்தை, இருபத்து மூன்று வயதில் வந்திருந்தால், நாற்பதாண்டுகள் அனுப்புகிறவனாகவே தொடரவும் வழி திறந்தது.