சொல் தெரிந்தும் பொருள் பிடிபடாதது ஏன்?

காணியையும் கிணற்றையும் விட்டுவந்த எமது குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பை மட்டும் கைவிடவில்லை. ஆயினும் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையை ஆங்கிலம் என்ற மதில் மறிக்கின்றது. மருத்துவம், பொறியியல் மட்டுமல்ல, விவசாய விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. வயலோடு வளர்ந்த பிள்ளை நெல்லைப் பற்றிய பாடத்திலேயே தடுமாறி, "எனக்கு மூளை காணாது" என்று நொந்துகொள்கின்றது. குறை உண்மையில் மூளையில்தானா?

1979ஆம் ஆண்டில் ஸ்டெஃபென்சன், ஜோக்தேவ், அன்டர்சன் என்னும் மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்கருக்கும் அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியருக்கும் ஆங்கிலத்தில் எழுதிய இரு கடிதங்களை வாசிக்கக் கொடுத்தனர். ஒன்று அமெரிக்கத் திருமணம் பற்றியது. மற்றது இந்தியத் திருமணம் பற்றியது. இரு சாராரும் தத்தம் நாட்டுத் திருமணத்தையே விரைவாக வாசித்தனர். அதையே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர்.

அமெரிக்க மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள். அது அங்கே குடும்ப மரபைப் போற்றும் செயல். இந்தியர் ஒருவரோ, உடை பழையது, நாகரிகம் போனது என்று நினைவுகூர்ந்தார். புதுக் கூறை உடுத்துவதே முறையென்று வளர்ந்தவருக்கு அப்படித்தானே தோன்றும்! சீதனம் பற்றிய குறிப்புகளோ அமெரிக்கருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆங்கிலம் அவர்களது தாய்மொழியாக இருந்தும் அது போதவில்லை. வாசிப்பவர் சொற்களை மட்டுமல்ல, தாம் வாழ்ந்த வாழ்வையும் கொண்டே பொருள் கொள்கின்றார்.

இன்னோர் உதாரணம். 'கோர்ன்' என்றால் சோளம் என்றே எமது பிள்ளைகள் படிக்கின்றனர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், ஓய்வுநாளில் சீடர்கள் கதிர் கொய்த வயலும் 'கோர்ன்' வயல்தான். ஆனால் சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அங்கு சென்ற பின்னரே மற்றைய கண்டங்களுக்குப் பரவியது. பழைய ஆங்கிலேயர் தானியம் எதையும் 'கோர்ன்' என்றனர். சீடர் கொய்தது கோதுமையாகவோ வாற்கோதுமையாகவோ இருக்கலாம்; சோளமாக இருக்க முடியாது. இதை அகராதி மட்டும் தீர்த்துவைக்காது. அவ்வூர் வழக்கும் வரலாறும் தெரிய வேண்டும்.

இங்கேதான் ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் பங்குண்டு. நெற்செய்கைப் பாடத்தில் 'டில்லர்' என்ற சொல் வருகின்றது. உழுபவர் அல்லது உழும் இயந்திரம் என்று அகராதி சொல்லலாம். நாற்று நட்டபின் 'டில்லர்' பெருகுகின்றது என்று வாசிக்கும் பிள்ளை குழம்பிப்போகும். "அப்பா, நட்ட பிறகு பயிரில் என்ன பெருகும்?" என்று கேட்கட்டும். "மட்டம் வெடிக்கும், பிள்ளை" என்பார் தகப்பன். அதுவே விடை. காணி கைவிட்டுப் போனாலும் அந்த அறிவு போகவில்லை.

எனவே பெற்றோருக்கும் மாலை வகுப்பு ஆசிரியருக்கும் நாம் கூறுவது இது. ஆங்கிலப் பாடத்தைத் திறக்குமுன் அதன் பொருளைத் தமிழில் பேசுங்கள். புதிய வழக்கம் வந்தால், "இதை அங்கே ஏன் செய்கின்றனர்? எம்மிடம் இதற்கு ஈடானது எது?" என்று கேளுங்கள். விதைப்பவர் உவமை போல் முன்பே அறிந்ததை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் வாசிக்க வையுங்கள். ஊகித்த பொருள் அடுத்த வசனத்தோடு பொருந்துகின்றதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொற்களையும் இலக்கணத்தையும் பாடமாக்கத்தான் வேண்டும். அவற்றுக்கு இது மாற்றீடு அல்ல, துணை.

பிறர் வாழ்வை அறிவதற்கு எமது வாழ்வை மறக்க வேண்டியதில்லை. அதுவே நாம் ஏறிநின்று மதிலுக்கு அப்பால் பார்க்கும் படி. உங்கள் பிள்ளை இன்று வாசித்த ஆங்கிலப் பாடம் எதைப் பற்றியது என்று இன்றிரவு தமிழில் கேட்டுப் பாருங்கள்.