அப்பா துரத்தினார்... பையன் ஸ்டார் ஆனார்! யார் இந்த லூக் பிரையன்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், லீஸ்பர்க் என்ற சின்ன ஊரின் வேர்க்கடலை விவசாயி மகன் லூக் பிரையன். 1996-ல், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிளம்பத் தயாரானபோது, அண்ணன் கார் விபத்தில் இறந்தார். வீட்டை விட்டுப் போக மனசு வரல. காலேஜ் முடித்து அப்பாவிடமே வேலை பார்த்தார்.

கடைசியில், நாஷ்வில் போகலைன்னா வேலையை விட்டே தூக்கிடுவேன்னு அப்பாவே மிரட்ட, 2001-ல் கிளம்பினார். 2014, 2015-ல் கன்ட்ரி இசையின் உச்ச விருதான சிஎம்ஏ 'என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்' அவருக்குத்தான்!

மண் ரோடு, டிரக், மீன்பிடினு ஒரே டெம்ப்ளேட் என்ற விமர்சனமும் உண்டு. ஆனா, அந்த வாழ்க்கை அவருக்கு வெறும் செட் இல்லை. 2009-ல் தொடங்கிய 'ஃபார்ம் டூர்' கச்சேரிகளுக்கு மேடையே விவசாய நிலம்தான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் தருகிறார். விட்டு வர மனசில்லாத ஊரைத்தான் இன்னும் பாடிக்கிட்டு இருக்கார்.